ஆபரேஷனுக்கு முன் உடலுறுப்பு மாடலில் பழகியவர்கள், மறக்க முடியாத ஒரு அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெல்லை ஆர்த்தோ

நானே ஆரம்பிக்கிறேன். பிஜி (மேல்படிப்பு) இரண்டாம் வருடம். ஆறு வருடம் ஆகியும் உறுத்துகிறது.

பைக் விபத்து, இளவயதுப் பையன், இடுப்புக் கிண்ணம் உடைந்து வந்தான். மூன்று எக்ஸ்ரே, சி.டி. எல்லாம் பார்த்துவிட்டு, காலை மீட்டிங்கில் ‘டிரான்ஸ்வெர்ஸ்’, அதாவது குறுக்கே போன முறிவு, என்று அடித்துச் சொன்னேன். பின்பக்கம் திறந்து பிளேட் போடலாம் என்று பிளானும் எழுதிக் கொடுத்தேன். இந்த முறிவுகளுக்குப் பிரெஞ்சு சர்ஜன் லெத்தூர்னல் வகுத்த பத்து வகையும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

சீஃப் மறுத்து எதுவும் சொல்லவில்லை. சி.டி.யை 3டி பிரிண்டுக்கு அனுப்பச் சொன்னார். இரண்டு நாளில் அந்தப் பையனின் இடுப்பு வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வந்தது. உடைந்த துண்டுகள் தனித்தனியாக, சேர்த்துவைத்துப் பார்க்கிற மாதிரி. மார்க்கரை நீட்டி, "கோடு போடு" என்றார். கிண்ணத்தில் ஆரம்பித்தேன். குறுக்கே போகும் என்று நினைத்த கோடு மேலே ஏறியது. ஏறி ஏறி இடுப்பெலும்பின் மேல் விளிம்பான இலியாக் கிரெஸ்டில் போய்த்தான் நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "சாக்ரத்தோடு ஒட்டியிருக்கிற துண்டை மட்டும் தூக்கு" என்றார், முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பைக் காட்டி. தூக்கினேன். மூட்டுப் பரப்பில் நகக்கண் அளவுகூட அதோடு வரவில்லை. டிரான்ஸ்வெர்ஸாக இருந்தால் கிண்ணத்தின் கூரை அதோடு வந்திருக்க வேண்டும். இது ‘போத் காலம்’ (both column), கிண்ணத்தைத் தாங்கும் முன், பின் தூண்கள் இரண்டும் உடைந்த வகை. முன்பக்கமாகப் போக வேண்டிய கேஸ்.

பையன் இன்று நன்றாக நடக்கிறான். அதற்கு முன்னால் திரையை மட்டும் பார்த்து நான் ‘டிரான்ஸ்வெர்ஸ்’ என்று சொன்ன கேஸ்களை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

கோவை ஈஎன்டி

எனக்கு நேர்மாறான அனுபவம். காதைச் சுற்றியுள்ள டெம்போரல் எலும்பு. பயிற்சியில் முதலில் பிரிண்ட் எடுத்த மாடல்தான் கொடுத்தார்கள். எலும்பைக் குடையும் பர் வேகமாகச் சுற்றினால் பிளாஸ்டிக் சூட்டில் இளகி அதன் பல்லில் அப்பிக்கொள்ளும். தண்ணீர் விட்டு விட்டு, துடைத்துத் துடைத்துக் குடைய வேண்டும். முகத்தை அசைக்கும் ஃபேஷியல் நரம்புக்கு மஞ்சள், சிக்மாய்ட் சைனஸ் என்ற பெரிய ரத்தக் குழாய்க்கு நீலம் என்று நிறம் வேறு கொடுத்திருந்தார்கள். நீலம் தெரிந்தால் நிறுத்து. ஆறு மாடல் குடைந்து நான் கற்றது அவ்வளவுதான்.

அப்புறம் தானமாக வந்த உடலின் எலும்பில் உட்கார்ந்தேன். காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டின் காற்றறைகளில் கரகரவென்று போய்க்கொண்டிருந்த பர், மூளைக்கு அடியிலுள்ள மெல்லிய எலும்பான டெக்மென் பக்கம் வந்ததும் கீச்சென்று சுருதி ஏறியது. எனக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். எங்கள் மேடம் மைக்ரோஸ்கோப் பக்கமே வரவில்லை. அறையின் அந்த மூலையிலிருந்தே, "டியூரா கிட்ட வந்துட்டே, டயமண்ட் பர் மாத்து" என்றார். மாற்றிவிட்டுப் பார்த்தால், மெல்லிய எலும்புக்குப் பின்னால் மூளையின் உறையான டியூரா இளஞ்சிவப்பாகத் தெரிகிறது.

பிளாஸ்டிக்கில் அந்தச் சத்தமும் இல்லை, அந்தச் சிவப்பும் இல்லை. மாடலில் பழகினால் போதும் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிரிண்ட் லேப்காரன்

ஈஎன்டி சார், போதும் என்று இங்கே யாரும் சொல்லவில்லையே. நீங்கள் சொல்வது கைப்பழக்கம், நெல்லை சார் சொல்வது பிளான். இரண்டும் வேறு வேறு.

நான் டாக்டர் இல்லை, மாடல் எடுத்துக் கொடுப்பவன். என் உறுத்தல் ஒரு கண்குழி. கீழ்த்தளம் உடைந்த கேஸ். ஓட்டையை அளந்து டைட்டானியம் மெஷ் வெட்டிவைப்பதாகப் பிளான். ஒரு பிஜி தம்பி மாடலைத் திருப்பிக்கொண்டே இருந்தவர், அடிபடாத பக்கத்தில் விரலை விட்டு, "அண்ணா, இந்தப் பக்கமும் உடைஞ்சிருக்கா?" என்றார். விரல் நுனி அந்தப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அங்கே எலும்பு தாள் மாதிரி மெல்லியது. சி.டி.யில் எலும்பைப் பிரித்தெடுக்க நான் வைத்த அளவுக்குக் கீழே அது போய்விட்டது, சாஃப்ட்வேர் காற்று என்று நினைத்து விட்டுவிட்டது. அப்படியானால் அடிபட்ட பக்கத்து ஓட்டையில் எவ்வளவு விபத்தால் வந்தது, எவ்வளவு என்னால் வந்தது? அந்தத் தம்பி கேட்காவிட்டால் மெஷ் பெரிதாகப் போயிருக்கும்.

அன்றிலிருந்து மெல்லிய எலும்பு வரும் இடங்களை ஒவ்வொரு ஸ்லைஸாகக் கையால் வரைகிறேன். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான ஸ்லைஸ் வந்தால் திருப்பி அனுப்புகிறேன். மாடலிலேயே வலது, இடது என்று எழுத்துப் பொறித்து, பக்கத்தில் பத்து மில்லிமீட்டர் கட்டை ஒன்றும் பிரிண்ட் எடுத்துத் தருகிறேன். பிரிண்டுக்குப் போகும் எஸ்டிஎல் ஃபைலில் எண் மட்டும்தான் இருக்கும், மில்லிமீட்டரா அங்குலமா என்று அது சொல்லாது.

தியேட்டர் சிஸ்டர்

லேப் தம்பி, என்ன பிளாஸ்டிக் என்பதையும் எழுதி ஒட்டி அனுப்புங்கள். எங்களுக்கு ஒருமுறை இடுப்பு மாடல் வந்தது, டேபிளில் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும் என்று. நான் வழக்கம்போல கிருமி நீக்க 121 டிகிரி நீராவி ஆட்டோகிளேவில் போட்டேன். பேஷன்ட்டுக்கு முதுகில் மரப்பூசி (ஸ்பைனல்) கொடுத்தாயிற்று. பொட்டலத்தைப் பிரித்தால், இடுப்பு மெழுகு மாதிரி ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கிறது. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் என்றால் 60 டிகிரியிலேயே இளகும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மாடலில் வைத்து முன்பே வளைத்துவைத்திருந்த பிளேட் தனிப் பொட்டலத்தில் இருந்ததால் தப்பித்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. அந்தக் கோணல் மாடலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். திட்டியிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது. இப்போது சூடு அதிகம் வேண்டாத இடிஓ (எத்திலீன் ஆக்சைடு) வாயுவில்தான் போடுகிறோம்.

ஓய்வுபெற்ற எலும்பு வாத்தியார்

நான் படித்தபோது இதெல்லாம் கிடையாது. கறிக்கடையில் ஆட்டுத் தொடை எலும்பு வாங்கி, ஹாஸ்டல் அறையில் திருகாணி போட்டுப் பழகினேன். முதல் எலும்பு என் கையிலேயே பிளந்தது.

கோவை டாக்டருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பதிலியில் பழகுவது நேற்று வந்த மோகம் அல்ல. சுசுருத சம்ஹிதையிலேயே வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி என்றும், குத்திப் பழகத் தாமரைத் தண்டு என்றும், கட்டுப் போட்டுப் பழகத் துணிப் பொம்மை என்றும் இருக்கிறது. தண்டில் ரத்தம் வராது என்று அவர்களுக்கும் தெரியும். 1960 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் டாவோஸில், எலும்பு முறிவு சர்ஜன்களின் ஏஓ அமைப்பு முதல் வகுப்பு நடத்தியபோது, வந்த சர்ஜன்களைக் கேட்டுவிட்டு மட்டும் போக விடவில்லை, கையில் கருவியைக் கொடுத்துச் செய்ய வைத்தார்கள். இன்று அந்த வகுப்புகளில் பிளாஸ்டிக் எலும்புதான்.

பிஜி பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மாடல் வந்ததும் பிளேட்டை எடுக்காதீர்கள். முதலில் மாடல் இல்லாமலே, எக்ஸ்ரே மேல் டிரேசிங் தாளை வைத்து ஒவ்வொரு துண்டையும் வரையுங்கள். தாளை வெட்டி ஒட்டிப் பாருங்கள். அப்புறம் மாடலை எடுத்து உங்கள் கோடு எங்கே தப்பியது என்று பாருங்கள், அந்தத் தப்பைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்து, பேஷன்ட் டேபிளில் எப்படிப் படுப்பாரோ அப்படியே மாடலையும் படுக்க வையுங்கள். கையில் பிடித்துச் சுற்றினால் எல்லாப் பக்கமும் தெரியும், தியேட்டரில் தெரியாது. நீங்கள் திறக்கப்போகும் வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துணியால் மூடுங்கள். எந்தத் துண்டை முதலில் பிடிப்பது, எந்தக் கிளாம்ப், எந்தத் திருகாணி எவ்வளவு நீளம், எல்லாம் வரிசையாகத் தாளில் எழுதி முந்தின நாளே சிஸ்டரிடம் கொடுங்கள். பிளான் கெட்டால் அடுத்தது என்ன என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மாடல் வாங்கக் காசு இல்லாத ஆஸ்பத்திரியில் இருந்தாலும் தாளும் பென்சிலும் இருக்கும், தயவுசெய்து சாக்குச் சொல்லாதீர்கள்.

குழந்தை இதயப் பிரிவு, பயிற்சியில்

வாத்தியார் சார், ‘பிளான் கெட்டால் அடுத்தது என்ன’ என்று நீங்கள் சொன்னது எனக்குத்தான்.

எட்டு மாதக் குழந்தை. இரண்டு பெரிய ரத்தக் குழாயும் வலது கீழறையிலிருந்தே புறப்படுகின்றன. நடுச்சுவர் ஓட்டையிலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் அயோர்ட்டாவுக்கு உள்ளேயே பேட்ச் வைத்து ஒரு சுரங்கம் தைக்க வேண்டும். டொரொண்டோவின் சிக்கிட்ஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரப்பர் மாதிரி வளையும் இதய மாடல்களில் சர்ஜன்களுக்குத் தைக்கக் கற்றுத் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு மாடலை, அதே குழந்தையின் சி.டி.யிலிருந்து எடுத்து, முந்தின நாள் என்னிடம் கொடுத்தார் சார். வெட்டித் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பேட்ச் வெட்டி, நாற்பது நிமிடத்தில் சுரங்கம் தைத்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் இதயத்தை நிறுத்தித் திறந்தபோது, மாடல் மாதிரி விரிந்து நிற்கவில்லை, ஈரத்துணி மாதிரி துவண்டு கிடந்தது. இழுத்துப் பிடித்துப் பார்த்தால், நான் சுரங்கம் போட்ட இடத்தின் குறுக்கே டிரைகஸ்பிட் வால்வைப் பிடித்து நிறுத்தும் நூல்கள், வெள்ளை வெளேரென்று. "சார், மாடல்ல இது இல்லையே" என்றேன், என்னையறியாமல். "இருக்காது" என்றார். சி.டி.யில் அவ்வளவு மெல்லிய நூல் சரியாக விழாது. "நேத்து எக்கோ வீடியோ பார்த்தியா?"

பார்க்கவில்லை. மாடல் இருந்ததால் பார்க்கவில்லை.

நெல்லை ஆர்த்தோ

டாக்டர், அந்த நூல்களை அப்புறம் என்ன செய்தார்?

குழந்தை இதயப் பிரிவு, பயிற்சியில்

நூல் பிடித்திருந்த தசை நுனியோடு சேர்த்துக் கழற்றி, பேட்சைத் தைத்து முடித்த பிறகு அதன் மேலேயே திரும்பத் தைத்தார். அவர் எக்கோவில் முன்பே பார்த்துவைத்திருந்தார், அதற்கான தையலைக்கூட சிஸ்டர் எடுத்து வைத்திருந்தார். பதினெட்டு நிமிடம் கூடுதலாக ஆனது. குழந்தை ஒன்பதாம் நாள் வீட்டுக்குப் போனது.