கிராசியா டெலெடாவை எதிலிருந்து தொடங்கலாம்?

நூலகப்பூனை:
1926 நோபல் வாங்கிய இத்தாலிக்காரர், சார்டினியா தீவின் விவசாயிகளையும் ஆடு மேய்ப்பவர்களையும் எழுதியவர் என்கிறார்கள். அவரே விவசாயக் குடும்பமா? ஆங்கிலத்தில் எதை முதலில் எடுக்கலாம்? பக்கம் பக்கமாக மலையும் மேகமும் என்றால் எனக்குப் பொறுமை கிடையாது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

செவ்வந்தி:
'ரீட்ஸ் இன் த விண்ட்' (1913) எடுங்கள். நொடித்துப்போன பெரிய வீட்டில் கல்யாணமாகாத மூன்று அக்கா தங்கைகள், மிச்சமிருக்கும் ஒரு துண்டு நிலம், அதைப் பார்த்துக்கொள்ளும் எஃபிக்ஸ் என்ற வேலையாள். வருடக்கணக்கில் அவனுக்குச் சம்பளம் பாக்கி, ஆனாலும் முதல் பக்கத்திலேயே ஆற்று வெள்ளம் வயலுக்குள் வராமலிருக்க நாள் முழுக்கக் கரையைப் பலப்படுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். இவன் ஏன் இன்னும் இங்கேயே கிடக்கிறான் என்பதுதான் கதை, காரணத்தைச் சொன்னால் நாவல் போச்சு. வர்ணனை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

களத்துமேடு:
விவசாயக் குடும்பமெல்லாம் இல்லை. நுவோரோ ஊரில் வசதியான வீடு, அப்பா மேயராகவும் இருந்தவர். பெண் என்பதால் பள்ளிப்படிப்பு தொடக்கப் பள்ளியோடு நின்றது, மற்றதெல்லாம் சொந்த வாசிப்புதான். 1900-இல் கல்யாணமாகி ரோமுக்குப் போனார், முக்கியமான நாவல்கள் பெரும்பாலும் அங்கிருந்தே எழுதியவை. எனக்கு இவரிடம் ஒரு மனக்குறை: எல்லாமே பாவம், பரிகாரம், விதி என்றே போகிறது, கொடுக்காத கூலியை எழுந்து நின்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

செவ்வந்தி:
கேட்கவில்லைதான். ஆனால் அந்தச் சம்பளப் பாக்கியை அவர் மறைக்கவும் இல்லையே. ஊரில் வட்டிக்கு விடும் கல்லினாவின் கையில் யார் யார் குடுமி இருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, இவருக்குப் பணக் கணக்கு தெரியாது என்று சொல்ல முடியாது. எஃபிக்ஸ் வாய் திறக்காததற்கு அவனுக்குள்ளேயே காரணம் இருக்கிறது, அதை விதி என்று தள்ளிவிடுவது அநியாயம்.

களத்துமேடு:
சரி, எஃபிக்ஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன், அவருடைய இன்னொரு நாவலான 'இலியாஸ் போர்ட்டோலு'வில் மாட்டேன். அப்புறம், பூனைக்கு வர்ணனை ஆகாது என்றால் 1920-இல் வந்த 'த மதர்' இன்னும் பொருத்தம். சின்னப் புத்தகம், ஓரிரு நாளில் நடந்து முடியும் கதை. மகன் பாதிரியாராக வேண்டும் என்பதற்காக அவன் படித்த மடத்திலேயே வேலைக்காரியாக இருந்த அம்மா, இப்போது அவன் இரவில் ஒரு பெண் வீட்டுக்குப் போவதைப் பார்த்துவிடுகிறாள்.

நூலகப்பூனை:
அப்படியானால் 'த மதர்' முதலில். எஃபிக்ஸ் அடுத்து.