கடையில் உப்பு 27, என் தொட்டியில் 35: கிளீனர் இறாலையும் நட்சத்திர மீனையும் எப்படி இறக்குவது?

மார்த்தாண்டம்:
அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் கிளீனர் இறால் (மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்யும் இறால்) இரண்டும் நட்சத்திர மீன் ஒன்றும் வாங்கப்போகிறேன். என் கடல்நீர்த் தொட்டியில் உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), கடைத் தொட்டியில் 27தான். மீனுக்குச் செய்வதுபோலப் பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு இறக்கினால் போதுமா? தண்ணீர் மாற்ற தேங்காப்பட்டணத்திலிருந்து கடல்நீர் எடுக்கலாமா?

குளச்சல்:
போதாது அண்ணா. பையை மிதக்கவிட்டால் சூடுதான் சமமாகும், உப்பு ஆகாது. மீன் தன் உடம்பின் உப்பைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும், இறாலுக்கு அந்தத் திறன் குறைவு, நட்சத்திர மீனுக்கோ வெளியே இருக்கிற தண்ணீர்தான் உடம்புக்குள்ளும் ஓடுகிறது, அதனால் உப்பு சட்டென்று ஏறினால் அன்றைக்கு நன்றாக ஊர்ந்துவிட்டுச் சில நாள் கழித்துக் கை நுனியிலிருந்து கரையத் தொடங்கும்.

பைத் தண்ணீரோடு வாளியில் விடுங்கள். தொட்டியிலிருந்து ஏர் ட்யூப் போட்டு, நடுவில் ஒரு முடிச்சு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழுகிற அளவுக்கு இறுக்குங்கள். தண்ணீர் இரட்டித்தால் 27 என்பது 31 ஆகும், பாதியைக் கொட்டி மறுபடி இரட்டித்தால் 33, அப்புறம் 34. இறாலுக்கு ஒன்றரை மணி நேரம், நட்சத்திர மீனுக்கு மூன்று மணி நேரமாவது கொடுங்கள். நட்சத்திர மீனைக் காற்றில் தூக்கவே கூடாது, தண்ணீருக்குள்ளேயே கப்பில் ஏற்றி இறக்குங்கள். வாளித் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம்.

தக்கலை:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கூரியரில் ஒரு நாள் அடைபட்டு வந்த பைக்கு இவ்வளவு நேரம் சொட்டவிடக் கூடாது. மூடிய பையில் கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதுவரை கழிவிலிருந்து சேர்ந்த அம்மோனியா அதிகம் கெடுக்காது. திறந்ததும் பிஎச் ஏறி அதே அம்மோனியா விஷமாகிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து கையோடு கொண்டுவந்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் கடைத் தொட்டியில் காப்பர் மருந்து (மீன் நோய்க்கான செம்பு மருந்து) ஊற்றினார்களா என்று கேட்காமல் வாங்காதீர்கள், மீனைக் காப்பாற்றுகிற அளவே இறாலைக் கொன்றுவிடும்.

தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழையில் முகத்துவாரத் தண்ணீர் உப்பே குறைந்துபோகும், அளக்காமல் ஊற்றினால் இவ்வளவு பாடுபட்டுச் சொட்டவிட்டதெல்லாம் வீண்.

மார்த்தாண்டம்:
நன்றி. இறக்கியதும் விளக்கு போடலாமா?

குளச்சல்:
அன்று வேண்டாம். இன்னொன்று, ஓரிரு நாளில் மணலில் இறால் செத்துக் கிடப்பதுபோல் தெரியலாம். பதறாமல் பாருங்கள், உள்ளே ஒன்றும் இல்லாமல் கண்ணாடிபோல இருந்தால் அது கழற்றிப்போட்ட ஓடு, இறால் பாறைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.