புதுப்பிப்பு: வெட்டும்போது உதிர்ந்த சுஷி, இப்போது உதிர்வதில்லை

வீட்டில் மாக்கி (கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டும் ஜப்பானிய சுஷி) சுருட்டி வெட்டினால் சோறு உதிர்கிறது, நோரியும் (அந்தக் கடற்பாசித் தாள்) சவசவவென்று ஆகிவிடுகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அதன்பின் நான்கு முறை செய்துவிட்டேன்.

முதலில், வினிகரைக் கூட்டச் சொன்ன யோசனை. புளிப்பு ஏறியதுதான் மிச்சம். கோளாறு அரிசியில் இருந்தது. நான் போட்டது பொன்னி; அது உதிரியாக வேகிற அரிசி. ஜப்பானியக் குட்டை அரிசிக்கு மாறச் சொன்னவர்தான் காப்பாற்றினார். அதில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு என்பதால் தானே ஒட்டிக்கொள்கிறது.

360 மில்லி அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, 400 மில்லி தண்ணீரில் வேகவைத்தேன். 4 மேசைக்கரண்டி அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு. இந்தக் கரைசலைச் சோறு சூடாக இருக்கும்போதே ஊற்றி, பிசையாமல், மரக்கரண்டியால் வெட்டுவதுபோல் கிளறி விசிற வேண்டும்.

எதிர்பாராதது: அவசரத்தில் ஒருமுறை சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தேன், விறைத்துப் போனது. கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆறினாலே போதும்.

நோரி பாக்கெட்டைத் திறந்து போட்டிருந்ததும் என் தப்புதான். அப்பளம் சுடுவதுபோல் அடுப்பில் லேசாக வாட்டியதும் மொறுமொறுப்பு திரும்பியது. அப்புறம், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியால் துடைத்தேன்.

உள்ளே வெள்ளரிக்காய் மட்டும்தான். ஜப்பானில் இதைக் கப்பா மாக்கி என்பார்கள். பச்சை மீன் பக்கம் இன்னும் போகவில்லை.