விரலால் தொட்டு வாசிக்கும் சின்த் (மின்னணு இசைக்கருவி): சுருதி நிற்க வழி உண்டா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே, கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் பொருள் வாங்கி, சிடி40106 சிப்பில் ஒரு சின்த் கட்டியிருக்கிறேன். உள்ளே ஆறு இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் சிறு சுற்று, இங்கே ஒலி எழுப்புவது இதுதான்), ஒவ்வொன்றுக்கும் ஒரு கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வரவேண்டிய இடத்தில் இரண்டு செப்புத் தகடு. விரலை வைத்து அழுத்த அழுத்தச் சுருதி ஏறும், கமகம் மாதிரி வழுக்கி வாசிக்கலாம். ஆனால் நம்ம ஊர் புழுக்கம்தான் தெரியுமே! கை வேர்த்ததும் தோலின் மின்தடை இறங்கி, எல்லாம் கீச்சென்று மேலே ஓடிவிடுகிறது. தகட்டோடு தொடராக 47கே (47 கிலோ ஓம்) ரெசிஸ்டர் போட்டால் உச்சம் அடங்குகிறது, வழுக்கலும் சேர்ந்து செத்துவிடுகிறது.

பெரிய கெப்பாசிட்டர் போடுவதா? இல்லை, எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ரெசிஸ்டர்) வைத்துக் கை நிழலால் வாசிப்பதா? அப்புறம், அடாப்டர் யோசனை மட்டும் வேண்டாம், உடம்பே சுற்றுக்குள் இருப்பதால் 9 வோல்ட் பேட்டரிதான். வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், முடிந்தால் ஒலிப்பதிவோடு.