பள்ளி வேதியியல் சேமிப்பறையில் நீங்கள் நேரில் கண்டது: அனுபவப் பகிர்வு

சாட்ஸ்வர்த் (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதி) ஆசிரியை எழுதியது:

காய்ந்துவிட்டால் வெடிக்கக்கூடிய பிக்ரிக் அமிலம் எப்படிப்பட்டது என்று இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை என்பதால் நேராகச் செய்திக்கு வருகிறேன். ஓய்வு பெறவிருந்த உயிரியல் ஆசிரியர் ஒருவரின் அலமாரியை ஒழித்துக் கொடுத்தபோது, திசுக்களைப் பதப்படுத்தும் கரைசலுக்காக எந்தக் காலத்திலோ வாங்கிய பிக்ரிக் அமிலத்தின் பழுப்பு நிறச் சீசா ஒன்று தட்டின் மூலையில் இருந்தது. உள்ளே ஈரம் துளியும் இல்லை. மஞ்சள் தூள் அடியில் கட்டிதட்டிக் கிடந்தது. மூடியின் மரைகளுக்கு இடையிலும் மஞ்சள் படிகங்கள் பூத்திருந்தன. என்னுடன் வந்திருந்த இளம் ஆசிரியர், சீசாவைத் தட்டிலிருந்து எடுக்காமலேயே, மூடியின்மேல் விரல்களைப் பதித்துவிட்டார். "திருகிவிடாதீர்கள் தம்பி, அப்படியே கையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

நீரில் ஊறியிருக்கும்வரை அடங்கியிருக்கும் இப்பொருள், காய்ந்துவிட்டால் உராய்வுக்கே வெடிக்கக்கூடியது. 1917இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தையே தரைமட்டமாக்கிய கப்பலின் சரக்கில் பெரும்பகுதி இதுதான். அறையைப் பூட்டிவிட்டுத் தலைமையாசிரியரிடம் சொன்னோம். காவல்துறையின் வெடிபொருள் பிரிவினர் வந்து எடுத்துச் சென்றார்கள். அந்த மூடியைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் இன்றுவரை என் கண்ணைவிட்டு அகலவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மாவின் நினைவு வந்தது. 2023இன் தொடக்கத்தில் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஒரே நாளில் பலமுறை வந்துகொண்டிருந்த கோடை அது. எளிதில் தீப்பற்றும் திரவமான ஈதர் 35 பாகை செல்சியஸுக்குள்ளாகவே கொதித்துவிடும் என்பதால் அதை ஒரு சாதாரண வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். குளிர் வேண்டும் என்ற எண்ணம் சரிதான்; ஆனால் அந்தப் பெட்டிக்குள் உள்ள விளக்கும் வெப்பநிலை விசையும் பொறி எழுப்பக்கூடியவை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. மின்சாரம் போய் நெடுநேரமான பிறகு அந்த அம்மா பெட்டிக் கதவைத் திறந்தார். மயக்கும் இனிப்பு வாடை முகத்தில் அடித்தது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் குனிந்து, மின்சாரம் திரும்புவதற்குள், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். பிறகுதான், "எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள் ஐயா" என்று சொல்லிக்கொண்டே சன்னல்களைத் திறந்துவிட்டார். நாங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது தாழ்வார விளக்குகள் எரியத் தொடங்கின. ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து செல்லும் என்பதையெல்லாம் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் கைகள் உடனே இயங்கியது அவருக்குத்தான்.

தெற்கு டர்பன் ஆசிரியர்:

2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் பள்ளியின் தரைத்தளம் முழுவதும் சேறானது. சேமிப்பறைக் கதவைத் தள்ளித் திறந்தபோது கண்ட காட்சியை மட்டும் சொல்கிறேன்: வெள்ளை நிறத் தூள்கள் கொண்ட சீசாக்கள் வரிசையாக நின்றன, அவற்றில் ஒன்றிலும் பெயர்ச்சீட்டு இல்லை. சீட்டுகளெல்லாம் கரைந்து தரைச் சேற்றில் ஒட்டிக் கிடந்தன. உப்பா, சோடாவா, நைட்ரேட்டா, ஈய உப்பா என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இருப்புப் பதிவேடும் அதே அறையின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. நீர் பட்டால் தீப்பற்றும் சோடியத்தின் டப்பா மேல்தட்டில் இருந்தது என்பது அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல். கீழ்த்தட்டில் எதையும் வைக்கவே கூடாது, எல்லாவற்றையும் உயரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வெருலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தெற்கு டர்பன் தம்பியின் முடிவை நான் ஏற்கவில்லை. 2.5 லிட்டர் அடர் கந்தக அமிலச் சீசா, கண்ணாடியின் எடையைச் சேர்க்காமலேயே 4.5 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தோளுக்கு மேலிருந்து ஒருவர் இறக்கும்போது கை நழுவினால் முகத்தில் கொட்டும். வெள்ளம் எப்போதோ வருகிறது, சீசா இறக்குவதோ வாரந்தோறும் நடக்கிறது. அமிலம் கீழேதான் இருக்க வேண்டும், ஆனால் கசிவைத் தாங்கும் ஆழமான பிளாஸ்டிக் தட்டுக்குள் இருக்க வேண்டும்; நீரோடு சேரக்கூடாத சோடியமும் பொட்டாசியமும் எண்ணெயில் மூழ்கியபடி உலர்ந்த மேல்தட்டில் இருக்கட்டும்.

என் சொந்த அனுபவம் சிறியது. நான் பொறுப்பேற்ற பள்ளியில் எல்லாவற்றையும் ஆங்கில அகரவரிசையில் மிக அழகாக அடுக்கியிருந்தார்கள். அதன் பயனாக அலுமினியத் தூளும் அம்மோனியம் நைட்ரேட்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. எரியும் உலோகத் தூளையும் அதற்கு ஆக்சிஜன் ஊட்டும் உப்பையும் அருகருகே வைத்தது அந்த அகரவரிசைதான். ஆகவே முதலில் குணத்தைப் பார்த்துப் பிரித்துவிட்டு, அந்தந்தப் பிரிவுக்குள் வேண்டுமானால் அகரவரிசையைக் கடைப்பிடியுங்கள். நைட்ரிக் அமிலத்தை மற்ற அமிலங்களோடு சேர்க்காமல், குறிப்பாக அசிட்டிக் அமிலத்துக்கும் ஆல்கஹாலுக்கும் எட்டாத தொலைவில், தனித் தட்டில் வையுங்கள். சீசாக்களின்மேல் வெண்பொடி படிந்திருந்தால் அதைத் தூசி என்று துடைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரே அறையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் விடும் ஆவிகள் சேர்ந்து உண்டான பொடியாகவும் அது இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு அதன் காற்றுத்துளை மூடியைத் தவிர வேறு மூடி போடாதீர்கள், வாயு சேர்ந்து சீசா வெடிக்கும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதி, அதன்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். வாங்கிய தேதியையும் திறந்த தேதியையும் அதிலேயே குறித்துவிடுங்கள், ஏனென்றால் காற்றுப்பட்ட ஈதரில் காலப்போக்கில் வெடிக்கும் பெராக்சைடு உருவாகும். விலை மலிவு என்று பெரிய சீசாவாக வாங்கும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். யாரும் கேட்காமலேயே இவ்வளவு எழுதிவிட்டேன், ஆனால் இவற்றுள் எதைச் சொல்லாமல் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பீனிக்ஸ், அறிவியல் ஆசிரியை:

தட்டு மேலேயா கீழேயா என்பதைவிட, தெற்கு டர்பன் அண்ணா போகிறபோக்கில் குறிப்பிட்ட பதிவேட்டைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தின்போது எங்கள் பகுதியை ஒட்டிய கார்னுபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு தீப்பற்றி எரிந்ததும், அதன் கழிவு ஓலாங்கா ஆற்றில் கலந்து மீன்கள் செத்து மிதந்ததும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளி மீண்டும் திறந்ததும், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து நின்று, "நம் சேமிப்பறை எரிந்தால் தீயணைப்பு வீரர்களிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சொல்வார்கள், டீச்சர்?" என்று கேட்டாள். பட்டியல் எங்கே என்று பார்த்தால், அது சேமிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. இப்போது அதன் படிகள் வாயிற்காவலர் அறையிலும் அலுவலகத்திலும் இருக்கின்றன. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மாணவர்களை வெளியே நிறுத்திவிட்டு, நானும் ஆய்வக உதவியாளரும் ஒவ்வொரு சீசாவாகப் பார்த்துப் பட்டியலைத் திருத்துகிறோம். பிக்ரிக் அமிலம் உண்டா என்பதை அடுத்த பருவத்தில் முதலில் பார்ப்போம்; கண்ணால் மட்டும், கை வைக்காமல்.