ஜெய்சல்மர் பக்கம் குடிவந்திருக்கிறோம், கொஞ்சம் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. வேலை மாற்றலில் ஜெய்சல்மரிலிருந்து 40 கி.மீ. தள்ளி குரி கிராமத்துக்குக் குடும்பத்தோடு வந்து மூன்று வாரமாகிறது. தண்ணீர் லாரியில் வருகிறது, நிலத்தடித் தொட்டியில் நிரப்பி வைக்கிறோம். அதை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? அப்புறம், இந்த மணலில் சுருட்டை விரியன் அதிகம், ராத்திரியில்தான் நடமாடும் என்கிறார்கள், வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் ரொம்பப் பயமாக இருக்கிறது, வாசலில் என்ன ஏற்பாடு செய்யலாம்?

ஆனாலும் ஊர் பிடித்துவிட்டது. நேற்று விடியற்காலையில் வன்னி மரத்தடியில் இரண்டு சிங்காரா மான்களைப் பார்த்தேன்! பாலைவனத் தேசியப் பூங்காவில் கானமயில் பார்க்க வேண்டும், அது இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை. பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரி பக்கம் போனவர்கள் இருக்கிறீர்களா? அனுமதி எங்கே வாங்குவது, சாதாரண கார் போகுமா?