புதுப்பிப்பு: திருடுபோன அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் கிடைத்தது

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் திருடுபோன அம்மாவின் சங்கிலியை அடகுக் கடைகளில் எப்படித் தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. நகை கிடைத்துவிட்டது.

முதலில் நானே இரண்டு கடைகளில் விசாரித்தேன், பலனில்லை. அடகு வைத்தவரின் விவரத்தை அவர்கள் என்னிடம் சொல்லவே மாட்டார்கள். "பழைய ஆசாரி ரசீதையும் கல்யாணப் படத்தையும் போலீஸ் புகாரோடு கொடுங்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அதுதான் கைகொடுத்தது. ரசீதில் எடை இருந்தது. கொக்கி ஒருமுறை உடைந்து பற்றவைத்த அடையாளத்தையும் அம்மா சொன்னார். விசாரணை அதிகாரி பக்கத்து ஊர்க் கடையில் பதிவேட்டைப் பார்த்தபோது, அடகு வைத்தவனின் ஐசி (அடையாள அட்டை) எண்ணே அதில் இருந்தது.

தாமதிக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி நகையை மீட்க 6 மாதம்தான் தவணை. அது தாண்டினால் நகை கைமாறிவிடும்.

நான் எதிர்பாராதது ஒன்று: கண்டுபிடித்த அன்றே நகை கைக்கு வரவில்லை. வழக்குப் பொருளாகப் போலீஸ் வைத்துக்கொண்டது. கடைக்காரர் தான் கொடுத்த கடனைக் கேட்டார். மாஜிஸ்திரேட் உத்தரவு வரக் காத்திருந்தோம். எங்கள் விஷயத்தில் பணம் கட்டாமலே திருப்பித் தரச் சொன்னார்கள். நாமே பணம் கட்டி மீட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்யாதது நல்லதாயிற்று.

நேற்று அம்மா அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.